இறால் தலைப் பொடியும் நான் சொன்ன பொய்யும்

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த துறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இறால் கம்பெனிகளில் கழித்துப் போடும் தலையையும் ஓட்டையும் பொடியாக்கிக் குழந்தைகளுக்கான பிஸ்கட்டில் சேர்க்கப் போகிறார்களாம். அதற்கு விழா எடுத்து, விழா மலரும் அச்சடிக்கிறார்களாம். "பழைய ஸ்டாஃப் யாராவது வாழ்த்தி நாலு வார்த்தை எழுதினா நல்லா இருக்கும் மேடம். புதுக் கண்டுபிடிப்பு" என்றாள்.

"எது புதுசு? அந்தப் பொடியை எழுபதுகளிலேயே தர்மபுரி மாவட்டத்துல கரண்டி கரண்டியா போட்டிருக்கேன் கண்ணு" என்றேன்.

"அப்ப அதையே எழுதுங்களேன் மேடம்" என்றாள். எழுதிவிட்டேன். வாழ்த்து இதில் இல்லை. வேண்டுமானால் போடட்டும், வேண்டாமென்றால் கிழிக்கட்டும்.

நான் கிராம சேவிகாவாக, அதாவது ஊர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசாங்க ஊழியராக, வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மாப்பிள்ளை எவனும் அமையாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார். பயிற்சியில் புகையில்லா அடுப்பு கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கட்டிய அடுப்பு எல்லாமே புகைந்தன. தக்காளி ஜாம் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். களி தின்கிற ஊரில் ஜாமை எதில் தடவுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. பயிற்சி பற்றி இவ்வளவு போதும்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என்னைப் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், இதில் வருகிறவர்களின் பிள்ளை குட்டிகள் அங்கேயே இருக்கிறார்கள். மானாவாரி நிலம். மழை பெய்தால் ராகி, கொள்ளு, அவரை. பெய்யாவிட்டால் கல் உடைக்கிற வேலை. பால்வாடிக்கு முப்பது நாற்பது குழந்தைகள் வரும். வாரம் ஒரு நாள் உத்தரத்தில் தொங்குகிற தராசில் அவர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு எடை பார்க்க வேண்டும். சில குழந்தைகளைப் போட்டால் முள் அசையவே யோசிக்கும். வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும், கை கால் குச்சி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த வாய் வந்தது. அதற்கு முன்னால் நான் சாதுவான பெண் என்று என் அக்கா சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். மதராஸ்காரர். உட்காருவதற்கு முன் நாற்காலியில் கைக்குட்டையை விரிப்பார். எழும்போது அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பார். யாரையும் சத்தம் போட்டதில்லை. "நோ" என்ற சொல்லே அவரிடம் கிடையாது. பிடிக்காததைச் சொன்னால் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையை மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டோடு நாம் பேசியது முடிந்துவிட்டது என்று அர்த்தம். கத்துகிற மேலதிகாரியோடு சண்டை போடலாம். பென்சில் தட்டுகிறவனோடு என்ன செய்வது?

ஆனால் மனிதர் திருடர் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் இறாலின் உடம்பை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, தலையைக் கொட்டுகிறார்கள். அந்தத் தலையில் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிடக்கிறது என்று எங்கேயோ படித்து, அதையே பிடித்துக்கொண்டு அலைந்தவர் அவர்தான். கூட்டத்தில் எங்கள் முன்னால் அந்தப் பொடியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். வீட்டுக்குள் முட்டைகூட நுழையாத குடும்பம் அவருடையது. கண்ணை மூடி விழுங்கினார், நெற்றியெல்லாம் வேர்த்தது. நான் மனசுக்குள் கைதட்டினேன். கோளாறு அங்கேதான் தொடங்கியது என்பது பின்னால்தான் புரிந்தது. தனக்குக் குமட்டியதெல்லாம் ஊருக்கும் குமட்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

என்னையும் இன்னும் சிலரையும் ஒரு வாரம் கடற்கரைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஈர சிமெண்டுத் தரையில் வரிசையாகப் பெண்கள் குந்தியிருப்பார்கள். இடது கையில் இறால், வலது கையில் ஒரு திருகு. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, குனிந்து பார்க்காமலே திருகுவார்கள். மத்தியானத்துக்குள் தலை இடுப்பளவு குவிந்துவிடும். முன்பு அதைக் காக்காய்க்குக் கொட்டினார்கள். இப்போது ஒரு கொட்டகையில் கழுவி, வேகவைத்து, சாக்கில் கட்டிப் பிழிந்து, உலர்த்தி, அரைத்து, சல்லடையில் சலித்தார்கள். சலிப்பதில்தான் விஷயம். தலையில் ஊசி மாதிரி ஒரு கொம்பு உண்டு. அது பொடியில் தங்கினால் குழந்தையின் தொண்டையைக் கீறும். மூன்று சல்லடை போட்டு, கடைசியில் பொடியைப் புறங்கையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். உறுத்தினால் மறுபடி அரைவை.

அங்கே ஒரு பெண்ணின் விரலெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. கேட்டேன். "எனக்குக் கையோட போச்சு அக்கா. எங்க வூட்டுக்காரரு ஒரு எறா தின்னா மூஞ்சியே வீங்கிப்போவும். மூச்சு இழுக்கும். சில ஒடம்புக்குச் சேராது" என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டேன். "சிலருக்குச் சேராது. முன்கூட்டிக் கேட்க வேண்டும்." என் கையெழுத்துத்தான். அந்த நோட்டு ரொம்ப நாள் என்னிடம் இருந்தது.

மூட்டைகள் வந்து இறங்கின. மேலே எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதிகாரி கூட்டம் போட்டார்.

"இதற்குப் பெயர் மீன் புரதப் பொடி. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். இறால் என்றால் எந்தப் பாகம் என்று கேட்பார்கள். தலை என்றால் கழிவு என்பார்கள். அரசாங்கம் குப்பையைத் தின்னக் கொடுக்கிறது என்று பேச்சு வந்தால் திட்டம் முடிந்தது."

"சார், சில பேருக்கு எறா சேராதாம். கேட்டுட்டுக் கொடுக்கணும்னு..." என்று நான் எழுந்தேன்.

பென்சில் மூன்று முறை தட்டியது. உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கக் கூடாது.

முதல் ஒரு மாதம் சிரிப்பாகப் போனது. வந்த பொடி வாடை நீக்கிய பொடி. ஏதோ மருந்தில் ஊறவைத்து வாடையை எடுத்திருந்தார்கள். அதற்குத்தான் பாதிச் செலவாம். வெள்ளை வெளேரென்று சாக்பீஸ் தூள் மாதிரி இருந்தது. செய்முறைக் காகிதத்தில், ராகி மாவும் வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்து, குழந்தைக்கு ஒரு தட்டைக் கரண்டி பொடி வீதம் போட்டு உருண்டை பிடிக்க வேண்டும் என்றிருந்தது. பால்வாடியில் சமைத்தவள் பச்சையம்மாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள், வாயில் எப்போதும் வெற்றிலை. காகிதத்தை நான் படிக்கப் படிக்க அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"வெல்லத்துல மீனுங்களா?"

"ஆமாம்."

"இதை எழுதினவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஏன்?"

"வூட்ல ஒருத்தி இருந்தா இப்பிடி எழுத வுட்டிருக்க மாட்டாளே."

உருண்டை பிடித்தோம். குழந்தைகள் வாயில் போட்டு, வெல்லத்தைச் சப்பிவிட்டு, மிச்சத்தைத் துப்பின. பால்வாடி வாசலெல்லாம் எறும்பு. ஒரு தாத்தா வந்து அந்தப் பொடியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "மீனுன்றே, வாடையே காணோமே. செத்த மீனாவது நாறும். நாறாத மீனை நான் எங்கேம்மா நம்பறது?" என்று கொட்டிவிட்டுப் போனார். சந்தைக்குப் போனால் கருவாட்டுக் கடையில் முகர்ந்து பார்த்து வாங்குகிற ஜனம் அது. வாடைதான் அவர்களுக்கு அத்தாட்சி. அந்த வாடையை எடுக்க ஒரு கூட்டம் படித்தவர்கள் ராத்திரி பகலாகப் பாடுபட்டிருக்கிறார்கள்!

நான் அதிகாரிக்கு எழுதினேன், "வாடையுள்ள பொடி அனுப்பவும்" என்று. அலுவலகமே சிரித்ததாம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. வாடை எடுக்காத பொடி மலிவு என்பதாலோ என்னவோ, அடுத்த முறை பழுப்பாக, மூட்டையைப் பிரித்ததும் தெருநாய் எழுந்து நிற்கிற மாதிரிப் பொடி வந்தது.

பச்சையம்மாள் உருண்டைக் காகிதத்தை அடுப்பில் போட்டாள். இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் பொடியை வறுத்தாள். முதலில் பச்சை வாடை வரும், அப்புறம் சுட்ட கருவாட்டு வாடை வரும், அந்த நிமிஷம் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் விட்டால் கசந்துவிடும். அவரைக்கொட்டை, கத்தரிக்காய், பூண்டு, புளி போட்டுக் குழம்பு வைத்து, கொதி அடங்கியதும் பொடியைத் தூவினாள். சுடு களியின் நடுவில் குழி பறித்து அதை ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் தட்டை வழித்து நக்கின. தாய்மார்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற சாக்கில் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். சில வாரங்களில் தராசு முள் அசையத் தொடங்கியது. பொய் சொல்லவில்லை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதிகாரி வந்து எடைப் புத்தகத்தைப் பார்த்தார். கைக்குட்டையை மடிக்க மறந்து நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அப்போதுதான் மாதம்மாள் வந்தாள்.

அவளுக்குப் பிறந்த வீடு ஒகேனக்கல் பக்கம். அப்பன் பரிசல்காரர். புருஷன் கல் உடைக்கப் போவான். ஒரே பையன் சென்றாயன், நாலு வயது. ஊரிலேயே எடை குறைந்த குழந்தை அவன்தான். நான்தான் வீட்டுக்கு நாலு முறை நடந்து, பால்வாடிக்கு அனுப்பு என்று கெஞ்சினேன். ஒரு நாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சட்டியைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள்.

"ஏங்க சேவிகாம்மா, இது என்ன பொடிங்க?"

"மீன் பொடி. சத்து."

"மீனுன்னா பரவால்லீங்க. எறா இல்லியே? போன வருசம் எங்க அப்பன் வூட்ல ஆத்து எறா ஒண்ணு தின்னான். ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயி ஒதடு இப்பிடி வீங்கிருச்சு. அதுலேர்ந்து எறான்னா நான் வூட்டுக்குள்ளயே சேக்கறதில்லீங்க. எறா இல்லைதானே? நெசமா எறா இல்லீங்களே?"

இதற்கு மேல் தெளிவாக ஒரு தாய் கேட்க முடியாது. மூன்று முறை கேட்டாள். என் நோட்டில் எழுதி வைத்திருந்ததை அவள் தானாகவே வந்து சொன்னாள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இவனுக்கு வேண்டாம், வெறும் களியும் கீரையும் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் எனக்கு அந்தப் பையனின் எடை ஏற வேண்டும். அதிகாரியின் பென்சில் காதில் தட்டியது. பின்னால் கிண்ணத்தோடு ஏழெட்டுப் பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை. மீன்தான்" என்றேன்.

அவள் பையனை இறக்கிவிட்டுக் கொல்லைக்காட்டில் களை எடுக்கப் போனாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சென்றாயன் நாலு வாய் தின்றிருப்பான். வயிற்றைச் சொறிந்தான். பிறகு கழுத்தை. பச்சையம்மாள்தான் முதலில் பார்த்தாள். "ஏங்க, இந்தப் பையன் ஒதட்டப் பாருங்க" என்றாள். உதடு தடித்து வெளியே மடங்கியிருந்தது. கண் இடுங்கிக்கொண்டு வந்தது. இருமினான். அழப் பார்த்தான், சத்தம் வேறு யாருடையதோ மாதிரி கரகரவென்று வந்தது. மூச்சு இழுக்கும்போது விலாவெலும்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் வெளியே வந்தது.

சந்தை நாள் அது. ஊரில் ஆண்கள் யாருமில்லை. பஸ் சாயங்காலம்தான். நல்ல நேரம், புளி ஏற்ற வந்த பாய் ஒருவர் லாரியோடு புளியமரத்தடியில் நின்றிருந்தார். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவர் மூட்டை ஏற்றுவதை நிறுத்திவிட்டு, "ஏறும்மா, பேசாம ஏறு" என்றார். வழியில் கொல்லையிலிருந்து மாதம்மாள் ஓடி வந்து லாரி நிற்பதற்குள் தொற்றிக்கொண்டாள். பையனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்ன வயது டாக்டர். பையனை மேசையில் போட்டு நாடி பிடித்தார்.

"என்ன சாப்பிட்டான்? கொல்லையில பூச்சி மருந்து ஏதாவது அடிச்சீங்களா?"

"பக்கத்துக் கொல்லையில நேத்து அடிச்சாங்க சாமி. இவன் அந்தப் பக்கம் வெளையாடினான்" என்றாள் மாதம்மாள் அழுதுகொண்டே.

டாக்டர் நர்ஸைப் பார்த்து, "ட்யூப் எடுங்க. வயித்தைக் கழுவணும்" என்றார். நர்ஸ் ரப்பர் குழாயை எடுத்து வந்தாள். விரல் தடிமன் குழாய். பையனின் தொண்டையில் காற்றே போகவில்லை, அதற்குள் இதை விடப் போகிறார்கள். மாதம்மாள் பையனின் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததற்குக் காரணம் நான்.

"சார், அது மருந்து இல்லை. எறா. எறாத் தலைப் பொடி. நான்தான் கொடுத்தேன். இவனுக்குச் சேராது. முன்னாடியே ஒரு தடவை வீங்கியிருக்கு" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு விநாடி பார்த்தார். "குழாயை வைங்க, ஊசியை எடுங்க" என்றார் நர்ஸிடம். தொடையில் ஓர் ஊசி போட்டார். பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொன்று போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக விலாவெலும்பின் ஆட்டம் குறைந்தது. ரொம்ப நேரம் கழித்துப் பையன் சாதாரணக் குரலில் அழுதான். அந்த அழுகை மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் அப்புறம் கேட்கவில்லை.

மாதம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். ஊரே கேட்கத் திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். அவள் பையனின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாய் மட்டும் வாசலில் நின்று, "தெரிஞ்சா கொடுத்தே?" என்றார். "ஆமாம்" என்றேன். அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அதிகாரி வந்தார். நாற்காலியில் கைக்குட்டை விரித்தார். பையன் பிழைத்தான் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். நிஜமாகவே கும்பிட்டார். அதன் பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார்.

"குளவி கொட்டியது என்று எழுதி அனுப்பிவிடலாம். இதே மாதிரித்தான் வீங்கும். ஒரு குழந்தைக்காக நாற்பது குழந்தையின் சோற்றை நிறுத்த வேண்டுமா? யோசித்துப் பாருங்கள்."

"யோசிச்சேன் சார். நாப்பது குழந்தைக்கும் போடலாம். எறான்னு சொல்லிட்டுப் போடலாம்."

தட்டு ஒன்று. தட்டு இரண்டு. மூன்றாவது தட்டுக்கு முன் நான் எழுந்துவிட்டேன்.

அவர் ஜீப் போனதும் அடுப்புக் கரியைத் தண்ணீரில் குழைத்து, துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு மூட்டையின் மேலும் பெரிதாக எழுதினேன்: "இறால் தலைப் பொடி. கம்பெனியில் கழித்தது. சேராதவர்களுக்குக் கொடுக்காதே." படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சாயங்காலம் பெண்களைக் கூப்பிட்டு வாயாலும் சொன்னேன். கடலில் எதைப் பிடிக்கிறார்கள், எதைத் திருகுகிறார்கள், எது வெளிநாட்டுக்குப் போகிறது, எது இங்கே வருகிறது, எல்லாம். நான் மாதம்மாளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். கிண்ணத்தைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தேன்.

பச்சையம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"அப்ப, தலையத் தூக்கி எறிஞ்சுட்டு ஒடம்ப மட்டுமா திங்கறான் வெள்ளைக்காரன்?"

"ஆமாம்."

"தலையிலதானுங்க ருசி. ஆட்டுத் தலைய எவளாச்சும் குப்பையில போடுவாளா? பைத்தியக்காரப் பசங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைக்கறி, குடல், கால் எல்லாம் விலை கொடுத்து வாங்கித் தின்கிற ஊர் அது. அங்கே அதற்குக் கழிவு என்று பெயரே கிடையாது. அந்தச் சொல் அலுவலகத்தில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தோம். இரண்டு பெண்கள் மட்டும், எங்கள் வூட்டுப் பிள்ளைக்கும் தடிக்கும், வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குக் கீரைக் குழம்பு தனியாக வைத்தோம். ஒரு சட்டி கூடுதல், அவ்வளவுதான் வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

மூட்டையில் எழுதிய விஷயம் மேலே போனது. தர்மபுரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வந்தார். கூடவே ஒரு கிளார்க்கும் நம் மதராஸ்காரரும். பால்வாடியிலேயே மேசை போட்டார்கள். என் வேலை போய்விடும் என்று பேச்சு. அப்பா இறந்து, அம்மாவும் தம்பியும் என் கையை நம்பியிருந்த காலம். குளவிதான் கொட்டியது என்று மாதம்மாள் கைநாட்டு வைத்துவிட்டால், நான் வீணாக ஊரைக் கிளப்பிவிட்டேன் என்று முடித்து என்னை வெளியே தள்ளிவிடலாம். அதற்குக் காகிதம் தயாராக எழுதி வைத்திருந்தார்கள்.

மாதம்மாளைக் கூப்பிட்டார்கள். நடந்த நாளிலிருந்து என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கிளார்க் காகிதத்தைப் படித்தார். "என் மகனைக் குளவி கொட்டியதால்..."

"எந்தக் குளவிங்க?"

"உன் பையனைக் கொட்டியதும்மா."

அவள் கையை நீட்டி என்னைக் காட்டினாள். "குளவி அங்க நிக்குதுங்க. நான் எறாவான்னு மூணு வாட்டி கேட்டேன். இல்லைன்னு சொல்லுச்சு."

மதராஸ்காரர் தலை குனிந்துகொண்டார். பெரிய அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது குளவியைவிடச் சுலபம்.

"சரி, அப்படியே எழுதுங்க. கிராம சேவிகா தவறான தகவல் கொடுத்தார் என்று எழுதி, கை வாங்குங்க."

கிளார்க் எழுதினார். மைப்பெட்டியை நீட்டினார். மாதம்மாள் கையை நீட்டவில்லை.

"இன்னும் முடியலீங்க. ஆஸ்பத்திரியில கொழாய வுடப் போறப்ப, எறாதான், நான்தான் குடுத்தேன்னு சொன்னதும் இதுதான். யாரும் கேக்கல, தானாச் சொல்லுச்சு. அதையும் எழுதுங்க."

"அது இந்த விசாரணைக்குத் தேவையில்லைம்மா."

"எனக்குத் தேவைங்க. அது சொன்ன பொய்யில எம் பையன் சாகப் பார்த்தான். அது சொன்ன நெசத்துல பொழைச்சான். ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண மட்டும் எழுதினா கை வெக்க மாட்டேன்."

பெரிய அதிகாரி சொல்லிப் பார்த்தார். கிளார்க் அதட்டிப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் மதராஸ்காரர்தான் பேசினார். "எழுதுங்கள். இரண்டும் நடந்ததுதான். இறால் என்று சொல்லக் கூடாது என்றவன் நான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்." கையில் பென்சில் இருந்தது. தட்டவில்லை.

எழுதிப் படித்துக் காட்டிய பிறகுதான் அவள் கைநாட்டு வைத்தாள்.

மதராஸ்காரரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மூட்டைகள் நின்றுபோயின. மிச்சம் இருந்தவை கோழிப் பண்ணைக்குப் போயின. கோழிகள் கொழுத்ததாகக் கேள்வி. எனக்கு வந்த ஆணையில் ஒரே குற்றம்தான் இருந்தது, அரசு மூட்டைகளின் மேல் அனுமதியில்லாமல் எழுதியது. அதற்குக் கண்டனம். பொய் சொன்னதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதற்கான தண்டனையை மாதம்மாள் கொடுத்தாள். விசாரணைக்கு மறுநாளிலிருந்து பையனைத் தவறாமல் பால்வாடிக்கு அனுப்பினாள். இடுப்புத் துணியில் வீட்டுக் களியை முடிந்து அனுப்பினாள். மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து அவன் அதைத் தின்பான். நான் கீரைக் குழம்பைப் பரிமாறிக்கொண்டே வந்து, அவன் தட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்குப் போவேன். இரண்டு வருஷம், தினமும் ஒரு வேளை.